அக்காவின் அறையில் விண்வெளி

என் அக்காவின் கணவர் விண்வெளியை வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார். அப்படித்தான் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். பண்டாரவளையில் அவருக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. சீமெந்து, பெயின்ட், குழாய், ஆணி எல்லாம் விற்கிறார். ஆணி விற்கிறவர் விண்வெளி வாங்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. வாங்கியதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் என்பதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இதெல்லாம் கொழும்பில் ஆரம்பித்தது. அத்தானுடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். பாடசாலை லீவு என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். கல்யாணம் முடிந்த மறுநாள், நகரத்தில் புதிதாக வந்திருக்கும் ராட்சதத் திரையில் ஒரு விண்வெளிப் படம் ஓடுகிறது, பார்த்துவிட்டுத்தான் மலை ஏறி ஊர் திரும்ப வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். "கொழுந்தியா, நீ சயன்ஸ் டீச்சர். ஒனக்காகத்தான்" என்றார். நான் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதனால் அத்தானுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதையும் நிறைய எரிச்சலும் உண்டு. எனக்காக அவர் இதுவரை எதுவும் செய்ததில்லை. அன்றும் செய்யவில்லை.

அந்தத் தியேட்டரைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. வாசலில் சோளப்பொரியும் பட்டரும் கலந்து ஒரு நாற்றம். படத்தைப் பார்க்க வந்தவர்களைவிட, படத்தின் போஸ்டருக்கு முன்னால் நின்று தங்களைப் படம் பிடிக்க வந்தவர்கள்தான் கூட. உள்ளே ஏசியைப் போட்டிருந்த போடில், மலைநாட்டுக் குளிரிலிருந்து போன எங்களுக்கே பல் கிட்டியது. படம் தொடங்குவதற்கு முன்னால் பற்பசை, காப்புறுதி, முகம் வெளுக்கிற கிரீம் என்று விளம்பரம் முடிகிற பாடாக இல்லை. பற்பசைக்காரியின் ஒவ்வொரு பல்லும் எங்கள் தோட்டத்து லய வீட்டுக் கதவளவு இருந்தது. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோமா என்று நினைத்துக்கொண்டேன்.

படமும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. உலகம் அழியப்போகிறது, வழக்கம்போல் அமெரிக்கர்கள் மட்டும் அதைக் கவனித்துக்கொள்கிறார்கள். காற்றே இல்லாத இடத்தில் ரொக்கெட் இடி மாதிரி உறுமுகிறது. வெற்றிடத்தில் சத்தம் போகாது என்று என் வகுப்பில் கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளைகூடச் சொல்லும். கோடிக்கணக்கில் கொட்டிப் படம் எடுத்தவர்களுக்கு அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

ஆனால் ஒரு இடம் வந்தது. ஒரு ஆள் கப்பலின் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறான். சத்தம் எல்லாம் சட்டென்று நின்றது. அவன் தூரப் போகப் போக அரிசிமணி அளவாகிவிட்டான். அவனைச் சுற்றி இருட்டு. அந்த இருட்டு எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினாலும் முடியவில்லை. எனக்கு முன்வரிசையில் அதுவரை போனை நோண்டிக்கொண்டிருந்தவன்கூட அதைக் கவிழ்த்து மடியில் வைத்தான். பக்கத்தில் இருந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்கு அது தியேட்டர் என்பதே மறந்துவிட்டது.

"அம்மாடி, எவ்வளவு எடம்!" என்றாள், சத்தமாக.

நாலைந்து தலைகள் திரும்பின. அத்தான் "ஷ்ஷ்" என்று சொல்லிவிட்டு, இந்தப் பெண்ணோடு நான் வரவில்லை என்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா சொன்னது அத்தானுக்கு விளங்கியிருக்க வேண்டும், அவருக்கு விளங்காமல் போக நியாயமில்லை. நாங்கள் பசறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அவர் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி லயம்தான், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. சமையல், படிப்பு, பிள்ளைப்பேறு, சண்டை, சாவு எல்லாம் அந்த ஒன்றுக்குள்தான். அக்கா பதினாறு வயதில் தையல் பழகினாள். வெளிச்சம் வருகிற ஒரே இடம் வாசல்படி என்பதால் மெஷினை அங்கே போட்டுத் தைப்பாள். யாராவது உள்ளே வரவேண்டும், வெளியே போகவேண்டும் என்றால் அவள் எழுந்து மெஷினைத் தள்ளி வழிவிட வேண்டும். அப்பா விடியற்காலைப் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போக ஒருமுறை, அம்மா தண்ணீர் எடுக்க ஒருமுறை, நான் சும்மா சேட்டைக்கு ஒருமுறை. ஒரு சட்டை தைத்து முடிப்பதற்குள் அவள் எத்தனை தரம் எழும்பியிருப்பாள் என்று கணக்கில்லை.

கல்யாணமாகி வந்து வெகுநாளைக்குப் பிறகு, பண்டாரவளையில் வீடு கட்டியபோது பின்பக்கம் ஒரு சின்ன அறை அவளுக்கென்று கிடைத்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல். மேகம் இல்லாத நாளில் நமுனுகுலை மலை அப்படியே தெரியும். ஜன்னலடியில் மெஷின், சுவரோரம் துணி அலுமாரி, மூலையில் அயன் மேசை. நான் முதல் தரம் போனபோது, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் மலையைக் காட்டினாள். "அதுக்கு அந்தப் பக்கந்தான்டி நாம பொறந்த தோட்டம். தைக்கிறப்ப நிமிந்து பாத்தா நீ இருக்கிற பக்கம் தெரியும்" என்றாள். அந்த அறையில் யாரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. ஊர்ப் பெண்கள் ரவிக்கை தைக்க வந்தால் வெளியே நின்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும்.

கொழும்பிலிருந்து திரும்பி வருகிற வழி முழுக்க அத்தான் ஒரே பேச்சு. "கேவலம் ஒரு படம் பாக்க கொழும்புக்கா போறது? அதே திரைய நான் வீட்டுல எறக்குறேன் பாரு." அடுத்த முறை நான் போனபோது இறக்கியிருந்தார். ப்ரொஜெக்டரைக் கூரையில் தொங்கவிட்டு, எதிர்ச் சுவரில் வெள்ளைத் திரை மாட்டி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் வைத்து, நடுவில் பிளாஸ்டிக் உறை கழற்றாத சோபாவும் போட்டிருந்தார். எல்லாம் அக்காவின் அறையில்.

"இந்த வீட்டுலயே சதுரமா இருக்கிறது இந்த அறைதான்" என்றார் அத்தான், அறையின் சதுரம் அக்கா செய்த குற்றம் என்பது போல.

மெஷின் நடையில், ஃப்ரிட்ஜுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே நின்றது. அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். நான் குளியலறைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் எழும்பி மெஷினைத் தள்ளி வழிவிட்டாள். அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

"நீ ஒண்ணும் சொல்லலியாக்கா?" என்று சமையலறையில் வைத்துக் கேட்டேன்.

"கேட்டாருடி. ஒனக்கு எங்க ஒக்காந்தாலும் தைக்கலாந்தானேன்னு கேட்டாரு. தைக்கலாந்தான்னு சொன்னேன்."

"அந்த ஜன்னல்?"

"பலகை அடிச்சிட்டாரு. அதுக்கு மேல கறுப்புத் துணி. நாந்தான் தைச்சுக் குடுத்தேன். ரெண்டு மடிப்பு, ஒரு துளி வெளிச்சம் வராது." அந்த நிலையிலும் தன் தையலைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு தொழில் கர்வம் இருந்தது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்று சாயந்தரம் எனக்கு விண்வெளி காட்டப்பட்டது. கொழும்பில் பார்த்த அதே படம். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், சோபாவில் கையைத் துடைக்கக் கூடாது, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் டீ கொண்டுபோகக் கூடாது. கோவிலில்கூட இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. ரிமோட் அத்தானின் கையில். ரொக்கெட் கிளம்பியது, சமையலறையில் தட்டெல்லாம் கலகலவென்று ஆடியது. "கேட்டியா, நெஞ்சுல அடிக்குதா?" என்றார். அடித்தது. கடையிலிருந்து போன் வந்ததும் படத்தை நிறுத்தினார். வீரன் ஒரு காலைத் தூக்கியபடி அந்தரத்தில் நிற்க, இவர் யாருக்கோ பெயின்ட் கலர் விளங்கப்படுத்தினார். அவனை அப்படியே தொங்கவிட்டு டீயும் குடித்தார். கடைசியில் அந்த மௌனமான இடம் வந்தது. ஆள் கதவைத் திறந்து வெளியே போகிறான். ஆழ்ந்த இருட்டு, ஆழ்ந்த அமைதி. அந்த அமைதியில் குக்கர் விசிலடித்தது. பிறகு கோவில் ஒலிபெருக்கி. பிறகு மழை பிடித்து, தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் விண்வெளியும் அமெரிக்காவும் அடித்துக்கொண்டு போயின.

"சொல்லு கொழுந்தியா. கொழும்புத் தியேட்டர விட இது நல்லா இல்லையா?"

"படம் தெரியுதுங்க அத்தான்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"கொழும்புல நாம சின்னதாத் தெரிஞ்சோம். இங்க அது சின்னதாத் தெரியுது."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. நான் சொன்னது உண்மை. எனக்கு அந்தத் தியேட்டரும் பிடிக்கவில்லை, அந்தப் பற்பசைக்காரியை என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனால் அங்கே படத்தை நிறுத்த யாருக்கும் அதிகாரம் இல்லை. முன்னால் இருந்தவன் போனைக் கவிழ்த்ததும், அக்கா வாய்விட்டுக் கத்தியதும் அதனால்தான். விரலால் நிறுத்தி வைக்கக்கூடிய ஒன்றின் முன்னால் யாருக்கும் அப்படி ஒரு மலைப்பு வராது. அத்தான் வாங்கியது விண்வெளியை அல்ல, அதை நிறுத்தி வைக்கிற பொத்தானை. அது அவருக்கு ரொம்பவும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு ஆயுத பூசை வந்தது, அதற்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கம் அன்றைக்கு வேலை செய்கிற சாமான் எதுவும் பொட்டில்லாமல் இருக்காது. தொழிற்சாலை மெஷின், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, லொறி, தராசு, பாடசாலையில் என் மைக்ராஸ்கோப் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. பொட்டு வைக்காமல் விட்டால் அந்தச் சாமான் கோவித்துக்கொள்ளும் என்பது அக்காவின் நம்பிக்கை. காலையிலேயே குளித்து, தையல் மெஷின், கத்தரிக்கோல், அயன், கிரைண்டர், குக்கர் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனாள். அத்தான் தன் கடைப் பூசைக்குப் போயிருந்தார். கடைசியில் அக்கா கிண்ணத்தோடு அந்த இருட்டு அறைக்குள்ளும் போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ப்ரொஜெக்டர் கூரையில், கைக்கு எட்டவில்லை. பிறகு திரைக்கு நேராகப் போய், சரியாக நடுவில், தாராளமாகச் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"இதுக்குமா?" என்றேன். என் குரலில் விஷம் இருந்தது.

"இதுவும் மெஷின்தானேடி. அது என்ன பண்ணுச்சு பாவம்" என்றாள்.

தன்னைத் துரத்திவிட்டு வந்து உட்கார்ந்த சாமானுக்கும் பொட்டு வைத்து நல்லா இரு என்று சொல்ல அவளால் முடிந்தது. எனக்கு முடியாது. நான் அந்த மாதிரி ஆள் இல்லை.

மத்தியானம் அத்தான் விருந்தாளிகளோடு வந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருக்கிற ஒருவரும் அவர் மனைவியும். கடையை விஸ்தரிக்கிற யோசனையில் இருந்ததால் அத்தானுக்கு அவர்கள் அன்றைக்குச் சாமியைவிட முக்கியம். சாப்பாடு முடிந்ததும் நேராக அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், விளக்கைப் போடாமலே படத்தைத் தொடங்கினார். நானும் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். நடக்கப்போவதை யோசித்து எனக்கு இப்போதே சிரிப்பு முட்டியது.

விண்வெளி விரிந்தது. நட்டநடுவில் ஒரு சிவப்புக் கோளம் தொங்கியது.

"அது செவ்வாயா?" என்று கேட்டார் வங்கிக்காரர்.

அத்தான் ஒரு கணம் முழித்தார். "ஆமா சேர். செவ்வாய்தான். நம்ம திரையில இப்பிடித்தான், எல்லாம் துல்லியமாத் தெரியும். கொழும்புல இது தெரியல."

காட்சி மாறியது. பூமியில் ஒரு அலுவலகம். செவ்வாய் அலுவலகத்துச் சுவரில் தொங்கியது. அடுத்தது ஒரு ராணுவ அதிகாரி. செவ்வாய் அவர் மூக்கில் ஏறி நின்றது. வங்கிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். பிறகு வெள்ளைக்கார விஞ்ஞானிப் பெண்ணின் முகம் திரை முழுக்க வந்தது. பொட்டு அவள் நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது. வங்கிக்காரரின் மனைவிக்கு அடக்க முடியவில்லை. "ஐயோ பாருங்களேன், பொட்டு வச்சிருக்கா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனுஷி, அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

அத்தான் விளக்கைப் போட்டார். பொக்கெட்டிலிருந்த லேஞ்சியை எடுத்து நனைத்துக்கொண்டு வந்து தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கச் சந்தனமும் குங்குமமும் கரைந்து முழ நீளத்துக்கு இழுபட்டன. திரையின் வெள்ளைப் பூச்சும் சேர்ந்து உரிந்துகொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அக்கா கடலையும் வடையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"லயத்துப் புத்தி!" என்று கத்தினார் அத்தான். "எங்க கொண்டு வந்து வச்சாலும் இதுகளுக்கு லயத்துப் புத்தி போகாது சேர்."

வங்கிக்காரரின் மனைவி சிரிப்பை நிறுத்திவிட்டார். ஹல்துமுல்லைத் தோட்டத்து லயத்தில் சாக்கு விரித்துத் தூங்கி வளர்ந்த மனிதர், வெளியாள் முன்னால், என் அக்காவைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க நான் எழும்பினேன். அக்கா தட்டை என் கையில் கொடுத்தாள்.

"லயத்துலதாங்க பொறந்தேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நீங்களும்தான். அங்க இருந்ததே ஒரு அறை, அதனால எந்திரிச்சு எந்திரிச்சு வழி விட்டேன். இங்க இத்தன அறை இருக்கு. இங்கயும் நாந்தான் எந்திரிக்கிறேன்."

அத்தான் லேஞ்சியைப் பிழிந்து மறுபடியும் திரையைத் தேய்த்தார்.

"புதுத் திரை வாங்குங்க. நல்லாப் பாருங்க. நான் வேணாங்கல. எனக்கு இந்த அறை வேணும்."

சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனாள். கம்பிக்கு மேலே மடித்துத் தைத்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைப் புரட்டி, எந்த இடத்தில் முடிச்சு என்று விரலால் தடவிப் பார்த்தாள். அவள் போட்ட தையல் அவளுக்குத் தெரியாதா? பல்லால் நூலைக் கடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். துணி முழுவதும் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. பலகை மட்டும் மிச்சம். அதை என்ன செய்வது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தபோது, வங்கிக்காரர் எழும்பி வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். அத்தானின் கடை ஆணிதான், சுலபமாகக் கழன்று வந்தது. வெளிச்சம் வந்ததும் திரையில் ஓடிக்கொண்டிருந்த படம் வெளுத்துப் போனது. யாரோ எதையோ காப்பாற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அத்தான் எட்டுப் பத்து நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. கடையில் கொட்டிய கோபத்தில் வேலையாள் ஒருவன் நின்றுவிட்டான். பிறகு அவரே ஆள் பிடித்து எல்லாவற்றையும் முன் ஹாலுக்கு மாற்றினார். ஹாலில் நாலு ஜன்னல், ஒரு வாசல், தெருவில் போகிற பஸ்ஸின் ஹோர்ன். அங்கே பகலில் நட்சத்திரம் தெரியாது. இரவில் அவருக்குத் தூக்கம் வந்துவிடும்.

போன மாதம் போயிருந்தேன். மழை விட்டு வெளித்திருந்த மத்தியானம். அத்தான் ஹாலில் தனியாக, வெளுத்த திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் உறை சத்தம் போட சோபாவில் நெளிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சத்தத்தைக் கூட்டினார். நான் அவரைத் தாண்டிப் பின்னால் போய்விட்டேன். அக்கா ஜன்னலடியில் ஒரு பாடசாலைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கதவருகே நான் நின்றதை அவள் பார்த்தாள், எழும்பவில்லை. ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து அத்தானின் குரல். "இந்தா, ரெண்டு பேரும் ஓடி வாங்க! தூரத்துல இருந்து பூமிய காட்டுறான், சீக்கிரம்!"

அக்கா நூலைக் கடித்து அறுத்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நமுனுகுலை கழுவி விட்டது போல நின்றது.

"எங்களுக்கு இங்கேயே தெரியுதுங்க" என்று கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு அடுத்த காலரை எடுத்தாள்.